சோப்பை யார் திருப்பி வாங்குறா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போனவங்களுக்கு அந்த வளையக் கடையைத் தெரியாம இருக்காது. ரத வீதியில ராட்டினத்துக்கும் பலூன் சுடுற கடைக்கும் நடுவுல, நாலு மூங்கில் கழி, சுத்தி ஒரு கயிறு, உள்ளே ஒரு பெரிய மேஜை. மேஜை மேல சோப்பு, பவுடர் டப்பா, எவர்சில்வர் டம்ளர், நடுநாயகமா ஒரு அலாரம் கடிகாரம். ஒவ்வொரு சாமானுக்கும் அடியில ஒரு மரக்கட்டை. நாம கயிறுக்கு வெளிய நின்னு வளையத்தை எறியணும். எது மேல விழுதோ அது நமக்கு.

விழுந்துட்டதா நினைச்சுக் குதிக்கும்போதுதான் கடைக்காரர் அந்த வசனத்தைச் சொல்வார். "கட்டையோட சேர்த்து விழணும் தம்பி."

இப்போ இஞ்சினியரிங் படிச்ச புத்தியில யோசிச்சா அந்த மேஜை ஒரு அருமையான டிசைன். ஒரு சோப்புக் கவர் ஒன்பது சென்டிமீட்டர் நீளம், ஆறு சென்டிமீட்டர் அகலம்னு வச்சுக்குவோம். மூலைக்கு மூலை அளந்தா கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். வளையத்தோட உள் விட்டம் 12. அதாவது வளையம் மட்டமா, நேரா மேலேர்ந்து இறங்கினா பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் இடம் இருக்கு. ஆனா கயிறுக்கு வெளியிலேர்ந்து எறியிற வளையம் சாய்வாத்தான் வரும். சாய்வா வர்ற வட்டம் கண்ணுக்கு நீள்வட்டம், அந்த நீள்வட்டத்துக்குள்ள சோப்பு நுழையாது. முடியவே முடியாதுன்னும் இல்ல, ஏன்னா அரை சென்டிமீட்டர் நிஜமாவே இருக்கு. ஏமாத்துன்னு யாரும் சண்டைக்குப் போகவும் முடியாது. கடிகாரத்துக்கு அடியில இருக்கிற கட்டையைப் பத்தி நான் பேசவே விரும்பல :-)

எனக்கு அப்போ ஒன்பது வயசு. 2006 வாக்கில். ராஜபாளையத்துலேர்ந்து பஸ்ல அத்தை குடும்பத்தோட தேர் பார்க்கப் போயிருந்தோம். பத்து ரூபாய்க்கு ஆறு வளையம். என் கூட அத்தை மகன், என்னைவிட அஞ்சு வயசு மூத்தவர், எனக்கு அத்தான். நான் ஆறும் தோத்தேன். அத்தான் ஒரு சோப்பு ஜெயிச்சார்.

சாதாரணமா இதோட கதை முடிஞ்சிருக்கணும். சோப்பை எடுத்துக்கிட்டு அத்தைகிட்ட காட்டி, நாலு பேர்கிட்ட பீத்திக்கிட்டு, பால்கோவா வாங்கித் தின்னுட்டு பஸ் ஏறியிருப்போம். ஆனா அத்தான் ஒண்ணு கண்டுபிடிச்சுட்டு வந்தார். தெரு முக்குல ஒரு பெட்டிக்கடை. அங்க கொண்டு போனா, கவர் பிரிக்காம இருந்தா, சோப்புக்கு அஞ்சு ரூபா.

அவ்வளவுதான். அன்னைக்கு சாயங்காலம் முழுக்க நாங்க அந்த ரெண்டு கடைக்கும் நடுவுல ஓடினோம். சோப்பு கிடைச்சா அஞ்சு ரூபா, கூட அஞ்சு ரூபா போட்டா ஆறு வளையம். எங்க ரெண்டு பேர் திருவிழாக் காசு அறுபது ரூபாயும் போச்சு. கடைசியில கையில ஒரு சோப்பு கூட இல்ல. ராத்திரி பஸ்ஸுக்கு நடக்கும்போது பார்த்தோம், பெட்டிக்கடைக்காரர் ஒரு மஞ்சப்பையில சோப்பையெல்லாம் போட்டு வளையக் கடைக்கு எடுத்துட்டுப் போறார். "அடப்பாவி, அது நம்ம சோப்புடா"ன்னார் அத்தான்.

பல வருஷம் கழிச்சு ஆபீஸ் வேலையா ஆறு மாசம் டோக்கியோவில இருந்தப்போ அந்த மஞ்சப்பை ஞாபகம் வந்துச்சு. அங்க ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துல எல்லாம் பச்சிங்கோ கடை இருக்கும். கதவு திறந்தா ஆயிரம் எவர்சில்வர் தட்டை ஒரே நேரத்துல கீழ போட்ட மாதிரி சத்தம். வரிசையா மெஷின், ஒவ்வொண்ணு முன்னாலயும் ஒருத்தர், யாரும் யார்கிட்டயும் பேசறதில்ல. 11 மில்லிமீட்டர் இரும்புக் குண்டுகளை வாடகைக்குத் தர்றாங்க, ஒரு குண்டு 4 யென் வரைக்கும். கைப்பிடியைத் திருகினா நிமிஷத்துக்கு 100 குண்டு வரை மேல போய் ஆணிகளுக்கு நடுவுல உதிரும். நடுவுல இருக்கிற ஒரு குழியில குண்டு விழுந்தா மெஷினுக்குள்ள ஒரு குலுக்கல் நடக்கும். அதுல அடிக்கிற வாய்ப்பு பல மெஷின்கள்ல 319-க்கு 1. ஆணிக்கு நடுவுல குண்டை விடுறது பார்க்கத் திறமை மாதிரி இருக்கும், ஆனா முடிவு பண்றது உள்ள இருக்கிற ரேண்டம் நம்பர். நானும் ஆராய்ச்சிக்காக(!) 1,000 யென் போட்டேன். 250 குண்டு. அஞ்சு நிமிஷம் தாண்டல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஜப்பான்ல சூதாட்டம் குற்றம். தண்டனைச் சட்டம் 185-வது பிரிவு. அதுல ஒரு விலக்கு இருக்கு, அந்த நேரத்துப் பொழுதுபோக்குக்கான சின்னப் பொருளைப் பந்தயம் வச்சா பரவாயில்லன்னு. பச்சிங்கோ நிக்கிறது அந்த விலக்குல. பச்சிங்கோ கடை காசு தரக்கூடாது, தான் குடுத்த பரிசைத் தானே திருப்பி வாங்கவும் கூடாது. ஒரு பரிசோட மதிப்புக்கும் உச்சவரம்பு இருக்கு, வரி நீங்கலா 9,600 யென். அதனால ஜெயிச்ச குண்டுகளைக் கவுண்டர்ல குடுத்தா சாக்லேட், சிகரெட், பேனான்னு எடுத்துக்கலாம். ஆனா பெரும்பாலானவங்க வேற ஒண்ணு வாங்குறாங்க, "விசேஷப் பரிசு". டோக்கியோவில அது பிளாஸ்டிக் உறைக்குள்ள ஒரு துளித் தங்கம்.

அதை எடுத்துக்கிட்டு வெளிய வந்தா, பக்கத்துச் சந்துல ஒரு சின்ன ஜன்னல். உள்ள இருக்கிறவங்க முகம் தெரியாது, கை மட்டும்தான். தங்கத்தை உள்ள தள்ளினா காசு வெளிய வரும். அந்த ஜன்னல்காரர் சட்டப்படி பச்சிங்கோ கடைக்குச் சம்பந்தமில்லாத பழைய பொருள் வியாபாரி. அவர் அதை ஒரு மொத்த வியாபாரிக்கு விப்பார். மொத்த வியாபாரி அதை மறுபடி பச்சிங்கோ கடைக்கே விப்பார். மூணு கடை, மூணு முதலாளி, யாரும் சூதாட்டம் நடத்தல. அங்க இதுக்குப் பேரே "மூணு கடை முறை".

மஞ்சப்பைதான். அதே மஞ்சப்பை.

இது எப்படி வந்துச்சுன்னா, போருக்கு அப்புறம் பச்சிங்கோ பரவினப்போ ஜெயிச்ச சிகரெட்டையும் மிட்டாயையும் வாசல்லயே நின்னு வாங்கிக் காசு குடுத்தது யாக்குசா கும்பல்கள். அவங்களை ஒதுக்கத்தான் 1960-களோட தொடக்கத்துல ஓசாகாவில இந்த ஏற்பாடு முறைப்படி வந்துச்சு. போலீசுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். 1995-ல் சுமார் 18,000 கடை இருந்த இந்தத் தொழில் 2024 முடிவுல 7,000-க்குக் கீழ வந்துடுச்சு. ஆனா அது வாடிக்கையாளர் குறைஞ்சதால, சட்டம் அந்த ஜன்னலை அடைச்சதால இல்ல.

அதே ஊர்ல, அதே தெருவுல வீடியோ கேம் கடையும் இருக்கு. அங்க இரும்புக் கை வச்சுப் பொம்மை தூக்குற மெஷின் இருக்கும் (நம்ம ஊர் மால்கள்லயும் இப்போ வந்தாச்சு). அதுல போலீஸ் கணக்குப்படி ஒரு பொம்மையோட மதிப்பு சுமார் 1,000 யென்னைத் தாண்டக்கூடாது. 2022 வரைக்கும் அது 800-ஆ இருந்துச்சு. மெடல் போட்டு ஆடுற மெஷின்ல எவ்வளவு மெடல் ஜெயிச்சாலும் அதைக் காசா மாத்த முடியாது, பரிசா மாத்த முடியாது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் கூடாது. மறுநாள் வந்து அங்கயேதான் ஆடணும். நான் இருந்த ஏரியாவுல ஒரு தாத்தா தினம் வந்து மெடல் தள்ளிக்கிட்டு இருப்பார். சொத்து போச்சுன்னு யாரும் அவரைப் பத்திக் கவலைப்படப் போறதில்ல. பச்சிங்கோவுல அதே வயசு ஆள் பென்ஷனைத் தொலைக்கலாம்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? திறமையா? ரெண்டுலயும் கொஞ்சம் திறமை, நிறைய அதிர்ஷ்டம். சத்தமும் ஒண்ணுதான், விளக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் அந்த ஜன்னல் மட்டும்தான். பரிசு திரும்பக் காசா மாறுற இடம்.

நம்ம ஊர்ல அம்பது அறுபது வருஷமா கோர்ட்டுல கேட்டுக்கிட்டு இருக்கிற கேள்வி இது இல்ல. நம்ம 1930-ம் வருஷத்து மெட்ராஸ் சூதாட்டச் சட்டத்துல திறமை மட்டுமே உள்ள ஆட்டத்துக்கு விலக்கு உண்டு. அதனால எல்லா வழக்கும் "இது திறமையா, அதிர்ஷ்டமா" என்பதைச் சுத்தியே ஓடுச்சு. 1968-ல் செகந்திராபாத் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு சொல்லுச்சு, விழுந்த சீட்டை ஞாபகம் வச்சுக்கணும், எதை வச்சுக்கறது எதைக் கழிக்கறதுன்னு யோசிக்கணும் என்பதால. 1996-ல் குதிரைப் பந்தயமும் திறமைன்னு ஆச்சு.

1968 தீர்ப்புல இன்னொரு பாதி உண்டு. அதை ரம்மி கம்பெனி விளம்பரத்துல யாரும் போட மாட்டாங்க. பந்தயம் வச்சு ஆடும் ஆட்டத்துல கிளப் நடத்துறவர் லாபம் பார்த்தா குற்றம் வரலாம்னு அதே தீர்ப்பு சொல்லுது. அதாவது ஆட்டத்தை மட்டும் பார்க்காதே, பணம் எங்க போகுதுன்னும் பார். என் பார்வையில உருப்படியான பாதி அதுதான். அதை விட்டுட்டு, சீட்டை ஞாபகம் வச்சுக்கிறது மூளை வேலையா இல்லையான்னு பல வருஷம் வாதாடினோம்.

லாட்டரியைக் கூட நான் ஒரு விதத்துல நேர்மையானதுன்னு சொல்வேன். அடிக்க வராதீங்க. 1968-ல் அண்ணா ஆட்சியில தொடங்கின தமிழ்நாட்டு அரசு லாட்டரியை 2003 ஜனவரியில ஜெயலலிதா அரசு தடை பண்ணுச்சு, எல்லா லாட்டரியையும் சேர்த்து. எங்கப்பா காலத்துல பஸ் ஸ்டாண்டுல மைக் வச்சு வித்திருக்காங்க. பக்கத்துல சிவகாசியில அச்சடிச்சிருக்காங்க. அது யார்கிட்டயும் "உன் திறமை"ன்னு சொல்லல. அதிர்ஷ்டம்னுதான் சொல்லுச்சு. கேரளா லாட்டரியில இன்னைக்கும் எத்தனை பரிசு, எவ்வளவு தொகைன்னு சீட்டுலயே அச்சடிச்சிருக்கும். ஆனா ஒண்ணு கவனிச்சேன். செங்கோட்டை தாண்டி புனலூர் பக்கம் ஒரு லாட்டரிக் கடையில, நூறு ரூபா பரிசு விழுந்தவர் காசை வாங்கல, அந்தக் காசுக்கு இன்னும் சீட்டு வாங்கிட்டுப் போனார். பெட்டிக்கடையில நின்ன ஒன்பது வயசுப் பையன் ஞாபகம்தான் வந்துச்சு.

அந்தக் கேரளா முடிவோட கடைசி மூணு நம்பரை வச்சு இந்தப் பக்கம் நடக்கிற கள்ள "மூணு நம்பர்" லாட்டரி வேற கதை. 2019 டிசம்பர்ல விழுப்புரத்துல அதுல கடன்பட்டு ஒரு குடும்பமே செத்துப் போச்சு. அதைப் பத்தி எழுத எனக்குத் தெம்பில்ல.

அத்தான் கதையை எழுதலாம்னு அவரே சொல்லிட்டார். பேர் மட்டும் வேண்டாம்னார்.

அத்தான் ஒரு மில்லுல ஃபிட்டர். நைட் ஷிஃப்ட். 2021-ல் போன்ல ரம்மி ஆட ஆரம்பிச்சிருக்கார். எந்த ஆப்னு இங்க சொல்லல, எல்லாமே ஒரே மாதிரிதான். 2023 ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை மதினி எனக்கு போன் பண்ணி, "தம்பி, ஒரு தடவை வந்துட்டுப் போங்க"ன்னாங்க. போனேன். ரெண்டு வளையல் அடகுக்கடையில, சொசைட்டி லோன் தனி, மில்லுல அட்வான்ஸ் தனி.

அத்தான் ஒண்ணும் மறைக்கல. ஆனா ஒரே ஒரு வாதம் வச்சார். "மாப்ள, நான் தோக்கிறவன் இல்ல. அறுபது தடவைக்கு மேல ஜெயிச்சு காசு எடுத்திருக்கேன். பேங்க்ல பாருங்க."

பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானே. ரெண்டு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்செல்ல போட்டேன். உள்ள போட்டது 4,12,000 ரூபா. வெளிய எடுத்தது 2,26,000 ரூபா. போனது 1,86,000. வெளிய எடுத்தது 61 தடவை. அத்தான் பொய் சொல்லல.

அடுத்த பத்தியை ஃபில்டர் பண்ணிப் பார்த்தப்போதான் வயித்தைப் பிசைஞ்சுது. 61 தடவை எடுத்ததுல 58 தடவை, ரெண்டு நாளுக்குள்ள அதே காசோ அதுக்கு மேலயோ மறுபடி உள்ள போயிருக்கு. அதாவது அவருக்குப் பரிசு வந்துச்சு, ஆனா வீட்டுக்கு வரல. சோப்பு அஞ்சு ரூபா ஆச்சு, அஞ்சு ரூபா ஆறு வளையம் ஆச்சு. இடையில ஓட வேண்டிய தெரு கூட இல்ல இப்போ. பெட்டிக்கடையும் வளையக் கடையும் ஒரே போன்ல, யூபிஐ-யில. ஒவ்வொரு மேஜையிலும் ஆப்புக்கு ஒரு கமிஷன். எதிர்ல உட்கார்ந்தவன் ஜெயிச்சாலும் அத்தான் ஜெயிச்சாலும் அவங்களுக்கு அது வந்துக்கிட்டேதான் இருக்கும்.

அத்தான்கிட்ட திறமை இல்லையா? இருக்கு. கல்யாண வீட்டுல அவர்கூட யாரும் சீட்டுக்கு உட்கார மாட்டாங்க. அந்தத் திறமைதான் அவரை மாட்டிவிட்டுச்சு. லாட்டரி சீட்டா இருந்தா "நமக்கு ராசி இல்ல"ன்னு விட்டிருப்பார். ரம்மியில தோத்தா "இன்னைக்குத் தூக்கக் கலக்கம், நாளைக்குச் சரியா ஆடுறேன்"னுதான் தோணும். எந்த "திறமை"யைக் காட்டி கோர்ட்டுல விலக்கு வாங்கினாங்களோ, அதே திறமைதான் தூண்டில் புழு.

தமிழ்நாடு அரசு சும்மா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. 2021-ல் கொண்டு வந்த தடைச் சட்டத்தை அந்த வருஷம் ஆகஸ்ட்லயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்கு அப்புறம் 2022-ல் மறுபடி ஒரு சட்டம், 2023 ஏப்ரல்ல ஆளுநர் ஒப்புதல். நவம்பர்ல அதே நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுக்குப் பொருந்தாதுன்னு சொல்லுச்சு. மறுபடி அதே கேள்வி, அதே பதில். 2025 தொடக்கத்துல நடுராத்திரி 12 மணிலேர்ந்து காலை 5 மணி வரைக்கும் காசு வச்சு ஆடக்கூடாதுன்னு விதி வந்துச்சு. அது ஜூன்ல கோர்ட்டுலயும் நின்னுச்சு. நைட் ஷிஃப்ட் ஆளுங்களைப் பத்தி யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்காங்க. அத்தானுக்கு ரெண்டு வருஷம் லேட்.

மத்திய அரசு அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னா, 2023 ஏப்ரல்லேர்ந்து நிகர ஜெயிப்புல 30 சதவீதம் டிடிஎஸ், அக்டோபர்லேர்ந்து உள்ள போடுற காசுல 28 சதவீதம் ஜிஎஸ்டி. சந்து ஜன்னல் பக்கத்துல அரசாங்கமும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மாதிரி. ஜப்பான்காரனாவது ஜன்னலைப் பார்க்காத மாதிரி நடிக்கிறான்!

கடைசியா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேத்துச்சு. அதுல கேள்வி மாறியிருக்கு. திறமையோ, அதிர்ஷ்டமோ, ரெண்டும் கலந்ததோ, காசு கட்டி காசு ஜெயிக்கலாம்னு ஆடினா அது பண விளையாட்டு, நடத்தக்கூடாது. அவ்வளவுதான். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. அவங்க வக்கீல்கள் மறுபடி 1968-ஐ எடுப்பாங்க. எடுக்கட்டும், முழுசா வாசிக்கட்டும்.

என் ஃபிரெண்ட் ஒருத்தன், இந்த மாதிரி கம்பெனியில வேலை பார்த்து வேலை போனவன், என்கூட சண்டைக்கு வந்தான். "தடை பண்ணினா எல்லாரும் வெளிநாட்டு சைட்டுக்குப் போவாங்க, டெலிகிராம்ல ஆடுவாங்க, வரியும் போச்சு, வேலையும் போச்சு"ன்னான். அவன் சொல்றதுல பாதி உண்மை. லாட்டரியைத் தடை பண்ணினோம், மூணு நம்பர் வந்துச்சு. ஆனா அத்தான் வெளிநாட்டு சைட்டைத் தேடிப் போயிருக்க மாட்டார். அவர் போனது டிவியில நடிகர் வந்து கூப்பிட்டதால, காசு ரெண்டு நிமிஷத்துல பேங்குக்கு வந்ததால. ஜன்னல் எவ்வளவு தூரத்துல இருக்கு என்பதும் ஒரு கணக்குதான். வீட்டு வாசல்ல இருக்கிற சாராயக் கடையும் பத்து மைல் தள்ளி இருக்கிற கடையும் ஒண்ணான்னு எங்க தெருப் பொம்பளைங்களைக் கேட்டா சொல்வாங்க. என்கிட்ட விட்டா, ஆட்டத்தையெல்லாம் இருக்க விட்டு, ஜெயிச்சதை எதுவாவும் மாத்த முடியாதபடி அடைச்சிருப்பேன், அந்த மெடல் தாத்தா மாதிரி. எத்தனை பேர் அப்புறமும் ரம்மி ஆடுறாங்கன்னு பார்த்துடலாம். "திறமைக்காக" ஆடுறவங்க அத்தனை பேரும் ஆடத்தானே செய்யணும்?

திருவிழா வளையக் கடையைத் தடை பண்ணணும்னு ஒரு பெரியவர் என்கிட்ட சொன்னார். எனக்கு அதுல சம்மதமில்ல. அந்தக் கடை ஏமாத்துதான், ஆனா அது முடிவுல ஒரு சோப்புல நிக்குது. பரிசா பால்கோவா வச்சா இன்னும் விசேஷம், ரொம்ப நாளைக்கு வச்சிருக்க முடியாது, எவனும் திருப்பி வாங்க மாட்டான்.

போன ஆடிப்பூரத்துக்கு எல்லாரும் போயிருந்தோம். அத்தான் கடன்ல முக்கால்வாசி அடைச்சாச்சு, வளையல் ஒண்ணு திரும்பிடுச்சு. வளையம் இப்போ அம்பது ரூபாய்க்கு அஞ்சு. அத்தான் பையன் ஒன்பது வயசு, அஞ்சாவது வளையத்துல ஒரு சோப்பு ஜெயிச்சுட்டான், கட்டையோட சேர்த்து. கத்தின கத்துல தேர் வடம் பிடிச்சவங்க திரும்பிப் பார்த்திருப்பாங்க. "அப்பா, இன்னொரு அம்பது ரூபா"ன்னான். அத்தான் தெரு முக்கைப் பார்த்தார். பழைய பெட்டிக்கடை இல்ல, ஆனா அந்த இடத்துல வேற ஏதோ ஒரு கடை இருந்துச்சு. அத்தான் சோப்பை வாங்கினார், அங்கயே நின்னு கவரைப் பரபரன்னு பிரிச்சார், வெறும் சோப்பை அவன் கையில குடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மதினி திட்டினாங்க, குளியலறையில ஏற்கனவே ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள புதுசை எதுக்குப் பிரிச்சீங்கன்னு.